'இதைக் கற்பிக்காதே' என்னும் சட்டத்தைப் படிக்கும் முறை

சாதி, மதம், இனம், பாலினம் ஆகியவற்றைப் பற்றி அரசுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று வரையறுக்கும் சட்டங்கள் பல நாடுகளில் வந்துவிட்டன. நம் ஊரில் அதே வேலையைப் பெரும்பாலும் சுற்றறிக்கைகள் செய்கின்றன. புதுச்சேரியிலும் கடலூரிலும் பாடம் நடத்துகிறவர்களுக்கும், வெளிநாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் வேலைபார்க்கும் பிள்ளைகளை உடைய குடும்பங்களுக்கும், அத்தகைய ஓர் ஆவணம் கைக்கு வந்தால் அதை எப்படிப் படிப்பது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்தியவன். எனவே இது நீதிமன்றத்தில் வாதாடுவதற்கான குறிப்பு அன்று. நாளை காலை வகுப்புக்குள் நுழைவதற்கு முன் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றின் குறிப்பு.

என் அண்ணன் மகள் புளோரிடா மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூகவியல் நடத்துகிறாள். இனம் பற்றிய கற்பித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்த 2022இல் ஒரு நாள் இரவு அழைத்து, "சித்தப்பா, இந்தப் பாடத்த நான் எடுக்கலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். சட்டத்தைப் படித்தாயா என்று கேட்டேன். அதைப் பற்றிய செய்திகளை நாற்பது படித்திருந்தாள், சட்டத்தைப் படிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை, நானும் அதுவரை படித்திருக்கவில்லை.

மூலத்தைக் கையில் எடுத்தல்

முதல் வேலை மூல ஆவணத்தைப் பெறுவது. அமெரிக்க மாநிலங்களின் மசோதாக்கள் அந்தந்தச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே மசோதா பல நிலைகளில், பல வடிவங்களில் அங்கே கிடக்கும். அறிமுகமானது, திருத்தப்பட்டது, இரு அவைகளும் நிறைவேற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு உண்டு. கடைசியாக நிறைவேறிய வடிவத்தை மட்டும் எடுக்க வேண்டும். மசோதாக்களில் பெரும்பகுதி சட்டமாகாமலே செத்துப்போகின்றன என்பதால், நமக்கு வரும் செய்தி மசோதாவைப் பற்றியதா சட்டத்தைப் பற்றியதா என்பதைப் பார்த்துவிட்டாலே பாதிப் பதற்றம் குறையும்.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் அனுப்பிய கோப்பைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். மை மங்கலாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு, 'இது மிகக் கடுமையாக இருக்கிறதே' என்று அவளுக்கு எழுதியும் விட்டேன். மறுநாள் வெயிலில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த வரியின் மேல் மெல்லிய கோடு ஓடுவது தெரிந்தது. புளோரிடா மசோதாக்களின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அடித்திருக்கும் சொற்கள் நீக்கப்படுபவை, அடிக்கோடிட்ட சொற்கள் சேர்க்கப்படுபவை என்று அச்சிட்டிருப்பார்கள். நீக்கப்பட்ட வரியைச் சட்டமென்று எண்ணி ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டிருக்கிறேன். ஆகவே எந்த ஆவணமானாலும் பக்கத்தின் அடியில் இருக்கும் சிறிய எழுத்தை முதலில் படியுங்கள்.

நம் நாட்டில் மூலத்தைத் தேடுவது வேறு விதமான வேலை. சட்டமா, அரசாணையா, வாரியத்தின் சுற்றறிக்கையா, தலைமையாசிரியரின் வாய்மொழியா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் நம் பாடநூல்களில் நடந்த பெரும்பாலான நீக்கங்களுக்குச் சட்டமன்றம் காரணமே அன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகள் பயன்படுத்திய ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு பற்றி ஓர் இயல் இருந்தது. திருவிதாங்கூரில் சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 தொடங்கி நடத்திய போராட்டமும், 1859இல் அரசு வெளியிட்ட அறிவிப்பும் அதில் இடம்பெற்றிருந்தன. நாடார் சமூகத்தினரைக் குறித்த சில வரிகளுக்கு எதிர்ப்பு எழுந்து, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2016 டிசம்பரில் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது: அந்தப் பகுதி பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்படுகிறது, 2017 தேர்வில் அதிலிருந்து வினா வராது. புத்தகத்தில் பக்கம் அப்படியே இருந்தது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரின் பிரதியில் அந்தப் பக்கங்களின் குறுக்கே பென்சிலால் ஒரு சாய்வுக் கோடும், ஓரத்தில் 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல்லும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். சுற்றறிக்கை 'கேள்வி வராது' என்றது. ஆசிரியர் அதை 'நடத்தக் கூடாது' என்று படித்தார். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் பொருள். 2019இல் அந்த இயலே நூலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கவலை உண்டு. நமக்கென்று ஒரு கல்வி வாரியம் என்றுமே இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடநூலையும், மாகி கேரளத்தினுடையதையும், ஏனாம் ஆந்திரத்தினுடையதையும் படித்துவந்தன. அண்மையில் அரசுப் பள்ளிகள் மத்திய வாரியத்துக்கு மாறின. பாடநூலைத் தீர்மானிக்கும் மேசை எப்போதும் வேறு ஊரில் இருப்பதால், ஒரு பகுதி ஏன் போயிற்று என்று கேட்க நமக்கு உள்ளூரில் ஆள் இல்லை. அதனால் இங்குள்ள ஆசிரியர்கள் வாரியத்தின் சுற்றறிக்கைகளை எண்ணோடும் தேதியோடும் தாங்களே சேர்த்து வைத்திருப்பது நல்லது.

யாரைக் கட்டுப்படுத்துகிறது?

ஆவணம் கையில் வந்ததும் எழுவாயைத் தேடுங்கள். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. உள்ளாட்சி அமைப்பு எதுவும் தற்பாலீர்ப்பை வேண்டுமென்றே 'ஊக்குவிக்க'க் கூடாது என்பது அதன் சாரம். வாக்கியத்தின் எழுவாய் உள்ளாட்சி அமைப்பு; ஆசிரியர் அன்று. இருந்தும் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் அந்தச் சொல்லையே வகுப்பில் உச்சரிக்காமல் இருந்தார்கள். கேலிக்கு ஆளாகிய மாணவனுக்கு ஆறுதல் சொல்லவே தயங்கினார்கள். ஸ்காட்லாந்தில் 2000த்திலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும் நீக்கப்படும்வரை அந்தப் பிரிவின்கீழ் எந்த உள்ளாட்சி அமைப்பின் மீதும் ஒரு வழக்குகூட வெற்றி பெறவில்லை. பதினைந்து ஆண்டு மௌனத்துக்கு ஒரு தண்டனைகூடத் தேவைப்படவில்லை.

வினைச்சொல்லில் நின்று படித்தல்

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. தடைச் சட்டங்களைப் படிக்கிறவர்கள் பெயர்ச்சொற்களைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள்: இனம், குற்றவுணர்வு, பாலினம், சலுகை. ஆனால் சட்டம் பிடிப்பது வினைச்சொல்லில். புளோரிடாவில் 2022 ஏப்ரலில் கையெழுத்தாகி ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, சட்டமன்றத்தில் ஏழாம் எண் மசோதாவாக இருந்த சட்டம் எட்டுக் கருத்துகளைப் பட்டியலிடுகிறது. தன் இனத்தைச் சேர்ந்த பிறர் கடந்த காலத்தில் செய்த, தனக்குப் பங்கில்லாத செயல்களுக்காக ஒருவர் குற்றவுணர்வு கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இந்தக் கருத்துகளை மாணவர் நம்பும்படி அவற்றை ஆதரித்துரைப்பதும், பரப்புவதும், முன்னெடுப்பதும், மனத்தில் பதிப்பதும், நம்பக் கட்டாயப்படுத்துவதும் பாகுபாடாகக் கொள்ளப்படும் என்கிறது. ஐந்து வினைகள். 'விவாதித்தல்' அவற்றில் இல்லை. அது மட்டுமன்று, பரந்த பாடத்தின் பகுதியாக, புறநிலையில், ஆமோதிக்காமல் இக்கருத்துகளை விவாதிப்பதை இச்சட்டம் தடுப்பதாகப் பொருள் கொள்ளக் கூடாது என்று அடுத்த உட்பிரிவே சொல்கிறது.

படித்ததை உடனே ஒரு பாடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் வெறும் சொற்கூட்டமாகவே நிற்கும். மேலாடைப் போராட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1859 அறிவிப்பு மார்பை மறைக்க அனுமதி தந்துவிட்டு, 'உயர்சாதிப் பெண்களைப் போல் அன்று' என்று ஒரு நிபந்தனையையும் வைத்தது. இந்த நிபந்தனையை வகுப்பில் படித்துக் காட்டி, அரசு ஏன் இதைச் சேர்த்தது என்று கேட்பது விவாதம். தடுத்த சாதிகளின் பெயரைச் சொல்வது வரலாற்றுச் செய்தி. 'உங்களில் இந்தச் சாதியில் பிறந்தவர்கள் இதற்காக வெட்கப்பட வேண்டும்' என்று சொன்னால், அது அந்தச் சட்டம் குறிவைக்கும் இடத்துக்குள் போய்விடும். சட்டமே இல்லாவிட்டாலும் ஒரு நல்ல ஆசிரியர் அப்படிச் சொல்ல மாட்டார். அறிவிப்பைப் படித்துவிட்டு ஒரு மாணவி தானாகவே தலைகுனிந்தால்? அவளுக்கு வந்த உணர்வுக்கு ஆசிரியர் பொறுப்பா? சட்டத்தின் வாசகம் ஆசிரியரின் செயலைத்தான் பேசுகிறது, மாணவியின் உணர்வை அன்று. ஆனால் புகார் எழுதும் பெற்றோர் அந்த வேறுபாட்டைப் பார்க்க மாட்டார் என்பதும் உண்மை. சட்டத்தைப் படித்து முடித்தபின் அண்ணன் மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பாடத்தை எடு, ஆவணத்தைப் பேசவிடு, உன் முடிவைக் கடைசியில் வை, வைக்காமலும் இருக்கலாம்.

இதே மாநிலத்தின் மற்றொரு சட்டத்திலும் வினைச்சொல்லே தகராறு. 2022 மார்ச்சில் கையெழுத்தான அது, பாலீர்ப்பு, பாலின அடையாளம் பற்றிய 'வகுப்பறைக் கற்பித்தலை' மூன்றாம் வகுப்பு வரை தடுத்தது. 2023 ஏப்ரலில் மாநிலக் கல்வி வாரியம் அதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டியது. 'கற்பித்தல்' என்றால் என்ன என்று சட்டம் சொல்லாததால், தற்பாலினத் துணை இருக்கும் குடும்பப் படத்தைத் தன் மேசையில் வைக்கலாமா என்பதுவரை ஆசிரியர்களுக்கு ஐயம் வந்தது. ஈராண்டுக்குப் பின், 2024 மார்ச்சில், வழக்கு சமரசமானபோதுதான் குறிப்பிடுவது வேறு, கற்பிப்பது வேறு என்பது எழுத்தில் வந்தது.

மங்கலான சொல்லும் பணமும்

அடுத்து, பென்சிலை எடுத்து, பொருள் வரையறுக்கப்படாத சொற்களைச் சுழித்துக்கொள்ளுங்கள்: 'புறநிலையில்', 'வயதுக்குப் பொருத்தமான', 'வெறுப்பைத் தூண்டும்', 'புண்படுத்தும்'. ஒவ்வொரு சுழியின் அருகிலும் 'யார் முடிவு செய்வது?' என்று எழுதுங்கள். புளோரிடாவில் 'புறநிலை'யை யார் அளப்பது என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை; பல்கலைக்கழக வகுப்பறைகளைப் பொறுத்தவரை கூட்டாட்சி நீதிபதி மார்க் வாக்கர் 2022 நவம்பரில் அச்சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்ததற்கு இந்த மங்கலும் ஒரு காரணம். பேராசிரியர் வகுப்பில் பேசுவது அரசின் பேச்சே, ஆகவே அதை அரசு கட்டுப்படுத்தலாம் என்று அரசுத் தரப்பு வாதிட்டதையும் கவனிக்க வேண்டும். அந்த வாதம் நிலைபெற்றால், அரசுச் சம்பளம் வாங்கும் எந்த ஆசிரியருக்கும் சொந்தக் குரல் என்று ஒன்று இருக்காது.

பிறகு தண்டனையைத் தேடுங்கள். அது பெரும்பாலும் ஆசிரியரின் தலையில் நேராக விழாது. நிறுவனத்தின் பணத்தில் விழும். அரிசோனா 2010இல் இயற்றிய சட்டம், ஒரு குறிப்பிட்ட இனத்தின்மேல் அல்லது வர்க்கத்தின்மேல் வெறுப்பை ஊட்டும் பாடங்களையும், மாணவர் தம் இனத்தாரோடு ஒன்றுதிரள்வதை வலியுறுத்தும் பாடங்களையும் பொதுப்பள்ளிகளில் தடுத்தது. மீறும் மாவட்டத்துக்கு மாதந்தோறும் தரும் மாநில நிதியில் 10 சதவீதம் வரை நிறுத்தலாம் என்றது. டூசான் நகரப் பள்ளி மாவட்டம் 2012 ஜனவரியில் தன் மெக்சிகோ-அமெரிக்கர் ஆய்வுப் பாடத்தை மூடிவிட்டது. அச்சட்டம் இனப்பகையால் இயற்றப்பட்டும் செயல்படுத்தப்பட்டும் வந்தது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2017இல். அந்தப் பாடத்தில் அமர்ந்திருக்க வேண்டிய மாணவர்கள் அதற்குள் பள்ளியை விட்டே போயிருந்தார்கள். புளோரிடாவும் சட்டத்தை மீறும் பல்கலைக்கழகத்துக்குச் செயல்திறன் நிதி கிடைக்காது என்று தனியே ஒரு சட்டம் செய்தது. தண்டனை நிறுவனத்தின் மேல் இருக்கும்போது நிர்வாகமே ஆசிரியருக்குக் காவலாளி ஆகிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் துறைத்தலைவரின் பேச்சில் உள்ள பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

விதிவிலக்குகள் பொதுவாக ஆவணத்தின் கடைசியில் இருக்கும். அதற்குள் படிப்பவருக்குக் களைப்பு வந்துவிடும். டெக்சாஸில் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் பொதுப் பல்கலைக்கழகங்களில், எல்லாப் பின்னணியினரையும் சேர்த்துக்கொள்வதற்கென இயங்கிய பன்மைத்துவ அலுவலகங்களை மூடச் சொன்னது. ஆனால் வகுப்பறைப் பாடம், ஆராய்ச்சி, மாணவர் அமைப்புகள், அழைக்கப்படும் பேச்சாளர்கள் ஆகியோருக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பது நல்ல பழக்கம்.

நம் அரசமைப்பின் 28ஆம் உறுப்பு

பிரிட்டனின் 28ஆம் பிரிவும் நம் அரசமைப்பின் 28ஆம் உறுப்பும் எண்ணில் ஒன்றுபட்டது தற்செயல். முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்பது நம் உறுப்பின் முதல் கூறு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிலையத்தில் யாரையும் அவர் சம்மதமின்றி, சிறாராயின் பெற்றோரின் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்பது மூன்றாம் கூறு. 'சமய போதனை' என்ன, சமயத்தைப் 'பற்றிய' கல்வி என்ன என்பதை உச்ச நீதிமன்றம் பிரித்துக்காட்டியிருக்கிறது. குருநானக்கின் வாழ்வையும் உபதேசங்களையும் பல்கலைக்கழகத்தில் ஆய்வது சமய போதனை ஆகாது என்று 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும், சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதற்கு அரசமைப்பில் தடையில்லை என்று 2002இல் அருணா ராய் வழக்கிலும் தீர்ப்பு வந்தது.

கடலூரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். திருநாவுக்கரசர் சமணத் துறவியாக இருந்ததும், சைவத்துக்குத் திரும்பியதும், கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்டுக் கரையேறினார் என்று பெரியபுராணம் சொல்வதும் இந்த மண்ணோடு பிணைந்தவை. கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயரே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் தேவாரத்தை நடத்தும்போது, ஏழாம் நூற்றாண்டின் சமயப் போட்டியை விளக்கலாம். பதிகத்தின் யாப்பைக் காட்டலாம். புராணம் சமணரைச் சித்திரிக்கும் விதத்தை, அதே வகுப்பில் ஒரு சமணப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்ற நினைவோடு, கேள்விக்கும் உட்படுத்தலாம். எல்லாரும் எழுந்து கைகூப்பிப் பாடுங்கள் என்று கட்டளையிட்டால் அது வேறு செயல். ஒரே பாடல்தான், வினைச்சொல் மாறிவிட்டது.

அதிகாரம் யாருக்கு?

புதுச்சேரியில் பிரெஞ்சு வரலாறு நடத்துகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 2005 பிப்ரவரி 23 தேதியிட்ட பிரெஞ்சுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடல்கடந்த நாடுகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரான்சின் இருப்பு ஆற்றிய 'ஆக்கப்பூர்வமான பங்கை'ப் பள்ளிப் பாடத்திட்டங்கள் ஏற்றுரைக்க வேண்டும் என்றது. இது தடை அன்று, கட்டளை. ஆனால் வேலை ஒன்றுதான். வரலாற்றாசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். 2006 ஜனவரி 31இல் அரசமைப்பு மன்றம் சொன்னது, அந்தக் கருத்து பொய் என்றன்று. பாடத்திட்டத்தின் உள்ளடக்கம் நாடாளுமன்றச் சட்டத்துக்குரிய பொருளே அன்று என்று. அதைக்கொண்டு அரசு பிப்ரவரியில் ஓர் ஆணையின் மூலம் அந்த வரியை எடுத்துவிட்டது. உள்ளடக்கத்தோடு மல்லுக்கட்டாமல், 'இதைச் சொல்ல உனக்கு அதிகாரம் உண்டா?' என்று கேட்டே ஒரு பிரிவு வீழ்ந்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரில் இந்தக் கதையை மாணவர்கள் மிகவும் ரசித்துக் கேட்கிறார்கள்.

இந்தியாவில் கல்வி 1976இன் 42ஆம் திருத்தத்துக்குப் பின், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு வந்த தாளில் மேற்கோள் காட்டப்பட்ட சட்டம் எது, கையெழுத்திட்டவருக்கு அச்சட்டம் என்ன அதிகாரம் தருகிறது என்ற இரண்டையும் பாருங்கள். எந்தச் சட்டத்தையும் மேற்கோள் காட்டாத தாள் ஆலோசனை மட்டுமே ஆகலாம். சட்டமே இல்லாமலும் ஒரு பக்கம் மறையும்: திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி, பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய நிறுவனமான என்சிஇஆர்டி 2021இல் வெளியிட்ட ஆசிரியர் பயிற்சிக் கையேடு, குழந்தைகள் உரிமை ஆணையத்துக்குப் புகார் போனதும், நவம்பரில் அதன் இணையதளத்திலிருந்து இறக்கப்பட்டது.

எழுத்தில் கேட்டல்

வாய்மொழியாக 'அந்தப் பாடத்தை விட்டுவிடுங்கள்' என்று சொன்னால் சண்டை போட வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்குத் தயக்கம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. அதன் 2(ஊ) போன்ற பிரிவு எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. சுற்றறிக்கைகளும் ஆணைகளும் 'தகவல்' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்பது தெரிந்தால் போதும். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம், புதுச்சேரியில் அஞ்சல் ஆணை இணைக்கலாம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு அதே துறையின் மூத்த அலுவலரிடம். இரண்டாம் மேல்முறையீட்டுக்குக் கடலூர்க்காரர் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கும், புதுச்சேரிக்காரர் மத்தியத் தகவல் ஆணையத்துக்கும் போக வேண்டும்.

கேள்வியை 'ஏன் தடுத்தீர்கள்?' என்று எழுதாதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் வராது. 'இன்ன வகுப்பின் இன்ன பாடத்தில் இன்ன பகுதியை நடத்த வேண்டாம் என அறிவுறுத்தும் ஆணை அல்லது சுற்றறிக்கையின் நகலைத் தரவும்' என்று ஒரே வாக்கியமாக எழுதுங்கள். கூடவே, நீங்கள் நடத்திய நாள், எடுத்துக்கொண்ட மூலம், மாணவர் கேட்ட கேள்வி ஆகியவற்றைப் பாடக்குறிப்பேட்டில் அன்றன்றே குறித்து வாருங்கள். புகார் வரும்போது ஆறு மாதம் கழித்து எழுதிய நினைவைவிட அன்றைய நாளின் மூன்று வரிகளுக்கு மதிப்பு அதிகம்.

பென்சில் கோடு போட்டிருந்த அந்த ஆசிரியர், பின்னாளில் வேறொரு பாடப்பகுதியை விடச் சொன்னபோது, இந்த ஒற்றை வாக்கியத்தை எழுதி அனுப்பினார். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது: 'தாங்கள் கோரும் ஆவணம் எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை.' அதைப் பாடக்குறிப்பேட்டின் முன் அட்டைக்குள் ஒட்டிவிட்டு, மறுநாள் அந்தப் பகுதியை நடத்தினார்.